ஏழாம் மாடல், இடது காது

கோமதிநாயகம் தேடிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. ஏலத் தளங்களில் குவிந்து கிடக்கும் கோடிக்கணக்கான பழைய சாமான்களுக்கு நடுவே, எங்கோ ஒரு வசதியானவருக்குத் தேவைப்படும் ஒரே ஒரு சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒருவருக்கு எழுபதுகளில் வந்த டிரான்சிஸ்டரின் பின்மூடி மட்டும் வேண்டும். கோயம்புத்தூரில் ஒருவருக்குத் தாம் ஆறாம் வகுப்பில் தொலைத்த ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும். அதே மாதிரி ஒன்று அல்ல, அதுவேதான். இவர்களெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் 'கண்டடை' நிறுவனத்துக்கு எழுதுவார்கள். கண்டடை அதை நாயகத்தின் தலையில் கட்டிவிடும்.

சேர்ந்தபோது அவர் வெறும் ஆபரேட்டர். சம்பளம் உயராத வருடங்களிலெல்லாம் பதவிப் பெயர் உயர்ந்து, இப்போது 'முதுநிலைக் கண்டடைவு வல்லுநர்'. பெயர் நீண்டதால் அடையாள அட்டையில் எழுத்து சிறுத்துப்போய், வாசலில் இருக்கும் இயந்திரம் அதைப் படிக்க முடியாமல் வாரத்துக்கு இரண்டு நாளாவது வல்லுநரை வெயிலில் நிறுத்தி வைத்தது.

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பொருளைத் தேடக் கூடாது, விற்கிறவனின் அறியாமையைத் தேட வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்ததும் பீரோவைக் காலி செய்கிற மகனுக்கு உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாது. 'கேமரா மாதிரி ஒன்று, ஓடுமா தெரியாது' என்று எழுதிப் படம் போட்டுவிடுவான். அவன் எழுதக்கூடிய சொற்களைச் சேர்த்து, கடைக்காரன் எழுதும் சொற்களை விலக்கி, முடிந்துபோன ஏலங்களைத் தோண்டி, தையல் மிஷின் படத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற கடிகாரத்தை அடையாளம் கண்டுகொள்வதுதான் வேலை. பத்தில் எட்டுச் சாமான் ஏதாவது ஒரு சாவு வீட்டிலிருந்துதான் வரும். நாயகம் அதைப் பற்றி யோசிப்பதை மூன்றாவது வருடமே விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஏழு மாதமாக ஒரு பொருள் கிடைக்கவில்லை. அது சொந்த வீட்டுக்கு வேண்டியது.

அவர் மனைவி சுகந்திக்கு இடது காதில்தான் உலகம். வலது காது சிறு வயது காய்ச்சலிலேயே போய்விட்டது. இடது காதுக்குப் பதினேழு வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதோடு பேசுவதற்கு வெளியே, காதுக்குப் பின்னால், காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாம்பல் நிற வில்லை. ஏழாம் மாடல். செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கியது, அதை வேறொன்று விழுங்கியது. கடைசியாக விழுங்கியவர்கள் ஏழாம் மாடலுக்கு உதிரிபாகம் இனி வராது என்று மிகுந்த வருத்தத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வருத்தத்தைத் தெரிவிக்க நான்கு மொழிகள், ஒரு பூங்கொத்துப் படம்.

இப்போது வில்லை நின்று நின்று ஓடியது. பேச்சு பாதியில் அறுந்துபோகும். மீதியைச் சுகந்தியே நிரப்பிக்கொள்வாள். அவள் நிரப்பியது பல சமயம் நாயகம் சொல்ல வந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அது முழுதாக நின்றுவிட்டால் உள்ளே இருப்பது வெறும் தகரம். மறுபடி தலையைத் திறந்து புதிது வைக்கலாமே என்றால், அவளுடைய இருதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறது. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் அந்தச் சொல்லை எந்தச் சுருதியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று நாயகத்துக்குத் தெரியும்.

அலுவலகக் கணக்கில் சொந்தத் தேடல் கூடாது என்று விதி. அதனால் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வீட்டுக் கணக்கிலிருந்தே தேடினார். ஒரு நாளைக்குப் பதினான்கு பதினைந்து தடவை. 'ஒரு காதுக்கு மட்டும் ப்ளூடூத்.' 'வட்டமான காந்தம், ஒயருடன்.' 'அம்மாவின் காது மிஷின்.' அறியாமையின் எல்லா வாசலிலும் தட்டிப் பார்த்துவிட்டார்.

"கெடச்சுதா?" என்பாள் சுகந்தி.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஊருக்கெல்லாம் ஜியாமெட்ரி பாக்ஸ் எடுத்துக் குடுக்கீக. வீட்டுக்குன்னா மட்டும் உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியாது."

பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும் என்பதால் அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்டடையில் 'வருமுன்' வந்தது.

தொடங்கி வைத்தவர் தலைமை அதிகாரி டாக்டர் ரித்தீஷ்வரன். முப்பத்தொரு வயது. டாக்டர் பட்டம் எதில் என்று கேட்டவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் பல்பு, ரிமோட்டில் ஏற்றுவது. ரிமோட்டில் பேட்டரி இல்லை. பேட்டரி வரும்வரை அவர் பேசினார்.

"நண்பர்களே, இதுவரை உலகம் விற்பனைக்கு வந்த பொருளைத் தேடியது. இனி நாம் வரப்போகும் பொருளைத் தேடுவோம். ஒரு பொருள் தன் உரிமையாளரை விட்டுப் பிரியும் தருணத்தை முன்கூட்டியே அறிவோம். இதை நாங்கள் உடைமை விடுவிப்புத் தருணம் என்று அழைக்கிறோம்."

"எழவு விழுறதச் சொல்றாரு," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மெஹருன்னிசா, உதடு அசையாமல். வருமுன்னைக் கட்டிய குழுவில் அவளும் ஒருத்தி. அதனால் கைதட்டவும் வேண்டியிருந்தது.

நாயகம் அன்று மாலையே வீட்டில் வருமுன்னுக்குச் சந்தா கட்டினார். ஊழியர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.

ஏழாம் மாடல், இடது காது என்று அடித்தார். ஒரே ஒரு விடை.

'திருச்சிராப்பள்ளி, பாலக்கரை. எதிர்பார்க்கப்படும் நாள்: இன்னும் 41 நாட்கள். முன்கேட்பு: 3 பேர்.'

பொருள் வருவதற்கு முன்பே விலை கேட்டு வைப்பதற்குப் பெயர் முன்கேட்பு. மூன்று பேரும் வியாபாரிகள் என்பது அவர்கள் கேட்ட தொகையின் முழுமையிலேயே தெரிந்தது. தேவைப்படுகிறவன் கேட்கும் தொகையில் சில்லறை இருக்கும். ஏலத்துக்கு வந்தால் வாங்கி, பத்து மடங்கு வைத்து விற்பார்கள். அதுவரை சுகந்தியின் வில்லை தாங்குமா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காண்டீனில் மெஹரைப் பிடித்தார்.

"அம்மா, நாப்பத்தொரு நாள்னு போட்டா, அந்த ஆளு நாப்பத்தொரு நாள்ல போயிருவாருன்னு அர்த்தமா?"

"பொருள் வெளிய வரும்னு அர்த்தம்ணே. ஆளப் பத்தி அது ஒண்ணும் சொல்லல. அப்படித்தான் எழுதணும்னு வக்கீலுங்க சொல்லிட்டாங்க."

"எதை வச்சுச் சொல்லுது?"

"நானூறு சங்கதி பாக்குது. மருந்துக் கடை, கரண்ட்டு, யார் எங்க போறாங்க, என்ன தேடுறாங்க, எதைத் தேடுறத நிறுத்துறாங்க. எது எவ்வளவுன்னு அதுக்கே சொல்லத் தெரியாது. நமக்கு எங்க தெரியப் போவுது." சமோசாவைப் பிய்த்தாள். "ஆனா தப்பறது கம்மிண்ணே. நூத்துக்குத் தொண்ணூறு. யாருக்குப் பாக்குறீங்க?"

"ஒரு கஸ்டமருக்கு."

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மீதிச் சமோசாவை அவர் தட்டில் வைத்தாள்.

ஊர் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிப்பது இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு ஒரு மதிய வேலை. பாலக்கரை மாதா கோயில் ஒன்றின் மாத மலரில், எழுபத்தைந்து வயது நிறைந்ததற்கு நன்றித் திருப்பலி கொடுத்த ஒரு பெரியவரின் படம் இருந்தது. பெயர் சவரிமுத்து, லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கேக் ஊட்டுவதற்காகத் தலையைத் திருப்பியிருந்தார். இடது காதுக்குப் பின்னால் சாம்பல் நிற வில்லை. நாயகம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு மனிதரின் காதுமடல் ரோமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருள் ஏலத்துக்கு வருமுன் வீட்டுக்கே போய்ப் பேசி முடிப்பது தொழிலில் பழைய வழக்கம். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போய், பதினாறாம் நாளுக்குள் அலமாரியை வாங்கிவிடுவார்கள். இங்கே துஷ்டிக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் நாயகம் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி ஆப்பிள் ஒரு கிலோ, சாத்துக்குடி ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, காலை ரயிலில் ஏறினார். 'ஏழாம் மாடல் பயனர் நலச் சங்கம், செயலாளர்' என்று ஒரு கார்டும் அடித்துக்கொண்டார். இல்லாத சங்கத்துக்கும் தலைவர் பதவியை எடுத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் ரெஜினா, சவரிமுத்துவின் மகள். கார்டைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு சங்கம் இருக்குன்னே தெரியாது சார், உக்காருங்க," என்றாள். பழத்தை வாங்கும்போது முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"சும்மா… வெறுங்கையோட வர வேண்டாம்னு."

உள்ளே இருந்து சவரிமுத்து வந்தார். வந்தார் என்று சொல்வது போதாது. கையில் இரும்புக் கரண்டியோடு, மிளகாய் வாசனையோடு, அடுக்களை நிலையில் இடிக்காமல் குனிந்து வந்தார். அறுபது வயசுக்காரர் மாதிரி இருந்தார்.

"வாங்க தம்பி. மெட்ராஸா? மீன் சாப்பிடுவீங்களா? எறாலும் இருக்கு."

"உடம்பெல்லாம் எப்படி இருக்குங்கய்யா?" என்றார் நாயகம்.

"உடம்புக்கு என்ன? காலையில உறையூர் வரைக்கும் நடக்கிறேன். போன மாசம் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. டாக்டரே எங்கிட்ட, என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிக் குடுங்கன்னுட்டான்."

"சர்க்கரை?"

"இல்ல."

"நெஞ்சு வலி, படபடப்பு…"

"ஏன் தம்பி, இன்சூரன்ஸா நீங்க?"

நாயகத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ இறங்கியது. அது ஏமாற்றம் என்று ஒப்புக்கொள்ள அன்று மாலை லால்குடி தாண்ட வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தார்.

பெரியவர் பேசும்போது அவ்வப்போது நிறுத்தி, காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் தட்டினார். பழைய ரேடியோவைத் தட்டுவது மாதிரி. சுகந்தியும் அப்படியே தட்டுவாள், அதே இரண்டு விரல்.

"என் வீட்டுக்காரியும் இதேதான் மாட்டிருக்கா," என்றார் நாயகம், சங்கத்தை மறந்து. "அவளுக்கும் இடது காது. ஆவடியில இருக்கோம்."

ரெஜினா காபி டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஆவடியா?"

"ஆமாம்மா."

"அவங்க…" அவள் சொற்களை மிகவும் பத்திரமாகத் தேர்ந்தெடுத்தாள். "அவங்க இப்ப எப்படி சார் இருக்காங்க?"

அந்தத் தொனி நாயகத்துக்கு எங்கோ கேட்ட தொனியாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில், அவர் வாயிலிருந்து வந்தது.

"நல்லா இருக்கா."

"நல்லாவா? மருந்து மாத்திரையெல்லாம்…"

"அதெல்லாம் எடுக்கிறா. நல்லாத்தான் இருக்கா."

"ஓ," என்றாள் ரெஜினா. "ரொம்ப சந்தோஷம் சார்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் குழம்பைப் பார்க்க உள்ளே போனதும், அவள் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கண்டடை, வருமுன். அவருக்குக் கிடைத்த பத்து சதவீதத் தள்ளுபடி மட்டும் அவளுக்கு இல்லை.

'ஏழாம் மாடல், இடது காது. ஆவடி. எதிர்பார்க்கப்படும் நாள்: இன்னும் 38 நாட்கள். முன்கேட்பு: 4 பேர்.'

"நாலாவது ஆளு நான் சார்," என்றாள். "அப்பாவோடது நின்னு நின்னு போகுது. ஆறு மாசமாத் தேடுறேன். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி, இருபது வாட்டி. ஆபரேஷன் வேண்டாம்னுட்டாரு, பழசே போதும்னு. அது கெடைக்கலைன்னா அவருக்குப் பேச்சே இல்ல. பேச்சு இல்லாம அவரு எப்படி இருப்பாரு, நீங்களே பாத்தீங்கல்ல."

நாயகத்துக்கு அப்போது புரிந்தது. புரிந்தது மெதுவாக இல்லை, சம்பளப் பிடித்தம் மாதிரி ஒரேயடியாக.

"உங்கப்பாவுக்கும் ஒண்ணுமில்ல, என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணுமில்லம்மா. நாம தேடுறோம் பாருங்க, அதான். உதிரிக்காக ரொம்ப நாள் தேடுறவன் ஒரு கட்டத்துல அலுத்துப்போய், கையில இருக்கறத வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போயிருவான். ஏலத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. நீங்க தேடத் தேட உங்கப்பாவோடது விலைக்கு வரப்போகுதுன்னு அது நெனைக்குது. நான் தேடத் தேட என் வீட்டுக்காரியோடது. அவங்கவங்க வீட்டுச் சாமான மட்டும் அவங்கவங்களுக்குக் காட்டாது."

"அதுக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்?"

நாயகம் காபியைக் குடித்தார். சென்ற வருடம் 'மூத்தோர் அனுபவப் பகிர்வு' என்று ஒரு கூட்டம் வைத்து, சால்வை போட்டு, தொழில் சூட்சுமங்களைச் சொல்லச் சொன்னார்கள். அலுத்தவன் விற்பான் என்று இரண்டு மணி நேரம் உதாரணங்களோடு பேசியவர் அவர்தான். மெஹர் குறிப்பெடுத்தாள். சால்வை பீரோவில் இருக்கிறது.

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா," என்றார்.

"அப்ப, உலகத்துலயே இந்த மாடல்ல ரெண்டுதான் இருக்கா? அதுவும் இந்த ரெண்டுதானா?"

"வேற எங்கயாவது பெட்டியில கிடக்கும். பெட்டியில கிடக்கிறது தேடாது. தேடுறதுதான் அதோட கண்ணுக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து மீன் குழம்பு கொதிக்கிற சத்தமும், அதோடு பெரியவர் யாரிடமோ போனில் உரக்கச் சிரிக்கிற சத்தமும் வந்தது. ரெஜினா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கக் கூடாது. உங்க வீட்டம்மா நல்லா இருக்கணும்னு நான் ஞாயித்துக்கிழமை பூசையில வேண்டிக்கிட்டேன். அவங்க யாருன்னு தெரியாது. ஆவடின்னு மட்டும் சொல்லி வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து, இன்னும் எத்தனை நாளுன்னு பாத்தேன்."

"நான் வேண்டிக்கக்கூட இல்லம்மா," என்றார் நாயகம்.

இரண்டு பேரும் தேடுவதை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. நிறுத்தினால் சவரிமுத்துவும் சுகந்தியும் பட்டியலிலிருந்து போய்விடுவார்கள். முன்கேட்புக்காரர்கள் வேறு சாவைப் பார்த்துக்கொண்டு போவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். பெரியவர் விடவில்லை. நாயகம் மீனும் இறாலும் சாப்பிட்டார், பேருக்குக் கொஞ்சம் மோரும். கொண்டுவந்த ஆப்பிளில் நான்கைப் பெரியவரே அவர் பையில் திரும்பப் போட்டார். "வீட்டம்மாவுக்குக் குடுங்க தம்பி. நோயாளிங்க சாப்பிடட்டும்."

மாலை ரயிலில் ஜன்னல் ஓரம். லால்குடி தாண்டியதும், ஏமாற்றத்துக்கு அதன் சொந்தப் பெயரைச் சூட்டிவிட்டு, நாயகம் போனை எடுத்துத் தேடலை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். கண்டடை சும்மா விடுமா? டாக்டர் ரித்தீஷ்வரன் கையெழுத்துப் போட்ட ஒரு கேள்வி வந்தது. 'தங்கள் தேடல் பயணத்தில் உடன் வந்தமைக்குப் பெருமைப்படுகிறோம். ஏன் நிறுத்துகிறீர்கள்?' கீழே இரண்டே விடைகள். 'பொருள் கிடைத்துவிட்டது.' 'இனி தேவையில்லை.' இரண்டில் ஒன்றைத் தொடாமல் வெளியே போக முடியாது.

கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. முதுநிலைக் கண்டடைவு வல்லுநர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். ஆனால் இறால் சாப்பிட்ட அசதி, ஏழு மாத அசதி, முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேறு சத்தமாக யாருக்கோ நிலம் விற்றுக்கொண்டிருந்தார். 'இனி தேவையில்லை'யைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டரை மணிக்கு முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தபோது, கூடத்தில் அவருடைய போன் அடித்தது. சுகந்தி எடுப்பதும் பேசுவதும் கேட்டது. என்ன பேசுகிறாள் என்று குழாய்ச் சத்தத்தில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"ரெஜினான்னு ஒருத்தி. திருச்சியிலருந்து பேசுதா."

"என்னவாம்?"

"அழுதா. எடுத்ததும் அழுதா. வீட்டம்மா எப்ப தவறுனாங்க சார், நேத்துகூட நல்லா இருக்கான்னு சொன்னீங்களேன்னு கேட்டா. ஆவடி காது மிஷின் மூணு நாள்ல ஏலத்துக்கு வருதுன்னு அவ போன்ல காலையில வந்துச்சாம்."

ரேஸரை நாயகம் தண்ணீரில் விட்டார். காது மிஷின் இனி தேவையில்லை என்று ஒரு வீட்டிலிருந்து தகவல் போனால், அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நானூறு சங்கதி தெரிந்த இயந்திரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்கிறது. அது சரி. ரெஜினாவும் தேடலை நிறுத்தியிருந்தால் அந்தச் செய்தி அவள் போனுக்கு வந்தே இருக்காது என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை.

"யாருங்க அது? நான் ஏன் சாகணும்?"

"எல்லாம் சொல்லுதேன். நீ என்ன சொன்ன அவகிட்ட?"

"என்ன சொல்லுவேன்? நான்தாம்மா பேசுதேன், இன்னும் போகல, இட்லி ஊத்திக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ?"

சுகந்தி காதுக்குப் பின்னாலிருந்து வில்லையை எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி ஒட்டிவைத்து, இரண்டு விரலால் தட்டினாள்.

"அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல," என்றாள். "அவதான் பேசாம இருந்தாளா, இதுதான் நின்னுபோச்சான்னு தெரியலை."